முதல் வரி மட்டும் வந்தது

என் அன்புச் சண்டைக்காரிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். கவரில் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து படி.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் நீ அனுப்பிய செய்தியில் முதல் வரி மட்டும்தான் என் கண்ணில் பட்டது. "ஒண்ணு கேக்கணும், கோபப்படாம பதில் சொல்லுங்க, இங்க எனக்கு" என்று போன் திரையின் மேல் ஓரத்தில் வந்து போனது. அப்போது நான் காரில் இருந்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஓர் அம்மாள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். என் கால் பிரேக்கில், உயிர் தொண்டையில். வகுப்பு முடியட்டும், நிதானமாகப் படிக்கலாம் என்று விட்டுவிட்டேன். முடித்துவிட்டு எடுத்தால், உங்கள் கணக்கு முடக்கப்பட்டது என்று வெறும் வெள்ளைத் திரை. மீதி வரிகள் அதற்குள்ளே மாட்டிக்கொண்டன.

நடந்தது இதுதான். நம் டிரைவிங் ஸ்கூலில் சேர்கிறவர்கள் வீட்டில் பார்த்துப் பழகட்டும் என்று பார்க்கிங் வீடியோக்களை என் மெயில் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பச் சோம்பல். கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் வகுப்பறைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டேன். ஆளாளுக்கு அவரவர் போனில் திறந்தார்கள். அந்தக் கணக்கைக் கொடுத்த கம்பெனியின் இயந்திரம் திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்துப் பூட்டிவிட்டது. நீ இங்கே இருந்திருந்தால் அந்தப் பலகையைப் பார்த்த அன்றே என் காதைத் திருகியிருப்பாய்.

மெயில், படங்கள், யாருக்கு எப்போது வகுப்பு என்ற காலண்டர், உன் நம்பர், உன் அக்கா நம்பர், நீ மாறிப்போன அறையின் முகவரி, எல்லாமே அந்த ஒரே கம்பெனியிடம். போதாக்குறைக்கு மலிவாகத் தருகிறார்கள் என்று போன் லைனையும் அவர்களிடமே மாற்றியிருந்தேன். அதுவும் செத்துவிட்டது. "எல்லாம் ஒரே இடத்துல இருந்தா தலைவலி இல்லடி" என்று உன்னிடம் பெருமை பீற்றியவன் நான்தானே! மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஏதேதோ தெருமுனையில் காத்து நிற்கிறார்கள், யார் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்தர் நேரே வந்து, "ஏன் சார், வெயில்ல நின்னு கருவாடாயிட்டேன்" என்று கத்திவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கம்பெனியில் முறையிடலாம் என்று பார்த்தால் பேசுவதற்கு ஒரு மனிதப் பிறவி கிடையாது. முறையீட்டுக்குப் பதில், பூட்டிக்கிடக்கும் அந்த மெயிலுக்கே வருமாம். அடப்பாவிகளா! திரையில் ஓர் இயந்திரம், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று எழுதுகிறது. வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினேன். அதற்கும் நன்றி சொன்னது.

தெருமுனைக் கடைக்காரரின் போனிலிருந்து உன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். லேபில் வேலை செய்கிறவர்களுக்கு வெளி அழைப்பை இணைப்பதில்லை, கடிதம் போட்டால் கையில் கொடுத்துவிடுவோம் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். கணவன் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றாள்.

நீ வேலைக்கென்று வெளியூர் போனதிலிருந்தே வீடு வெறிச்சென்றுதான் இருந்திருக்கிறது, கையில் போன் இருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறேன். நேற்று இண்டிகேட்டரைப் போட்டு அது டிக் டிக் என்று அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியைத் தட்டி, எங்கேயாவது கிளம்புகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அணைத்துவிட்டு உள்ளே போனேன். தனியாக இருக்க எனக்குத் தெரியவில்லை. நேரில் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

"இங்க எனக்கு" என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருந்தாய்? வேலை நிரந்தரமாகிவிட்டது, அங்கேயே இருந்துவிடட்டுமா என்றா? உடம்புக்கு ஏதாவதா? அங்கே பிடிக்கவில்லை, திரும்பி வரட்டுமா என்றா? அல்லது நான் இனி வேண்டாம் என்றா? கடைசியாக எழுதியதை அடித்துவிடத்தான் பேனாவை வைத்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் கோபப்படாதீர்கள் என்று நீ கெஞ்ச வேண்டியிருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பதில் வரும் வரும் என்று பார்த்திருப்பாய். கூப்பிட்டும் பார்த்திருப்பாய், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும். மௌனம் சம்மதம் என்பார்கள். கோபத்திலும் மனுஷன் வாயை மூடிக்கொள்வான். என்னுடைய மௌனம் இரண்டும் இல்லையம்மா. அதை என் பதிலாக எடுத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வந்துவிடாதே.

வேறொரு கம்பெனியில் புது நம்பர் வாங்கியிருக்கிறேன். கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

கோபப்பட மாட்டேன். கேட்டதை இன்னொரு தடவை கேள்.

உன்னுடைய,
வீட்டுக்காரன்