நீ மறுபடி உள்ளே விடாத கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில், அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்ததென்று உன் மனைவி ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தார். மேலே உன் கோணல் கையெழுத்தில் 'நம்ம ஆபரேஷன்கள்' என்றிருந்தது. நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. ராஜபாளையம் திரும்பியதும் போட்டுப் பார்த்தேன். திரையில் தெரிவது யாரோ ஒருவரின் வயிற்றின் உட்புறம் மட்டும்தான். பின்னால் உன் குரல் கேட்கிறது.

நாற்பத்தைந்து வயதில் நாம் இருவரும் மறுபடி மாணவர்களானோம். வயிற்றைத் திறந்து குடல் புற்றுநோயை எடுப்பது நமக்குப் பழகிய வேலை. அதையே சிறு துளைகள் வழியே, உள்ளே விட்ட கேமரா காட்டும் திரையைப் பார்த்தபடி, நீளக் கருவிகளால் செய்ய முனைந்தபோது கை நம் பேச்சைக் கேட்கவில்லை. வலப்பக்கம் போக நினைத்தால் நுனி இடப்பக்கம் போனது. அட்டைப்பெட்டிக்குள் திராட்சையை வைத்துத் தோலுரித்துப் பழகினோம். மதுரையிலிருந்து அனுபவமுள்ள ஒருவர் வந்து முதல் சில ஆபரேஷன்களில் கூடவே நின்றார். ஞாயிறுதோறும் உன் வீட்டில் வீடியோ ஓடும். என் தப்பை நீயும் உன் தப்பை நானும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நீ சொல்லும்போது எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

அப்புறம் அந்தச் செட்டியார்பட்டி அம்மாள் வந்தார். மலக்குடலில் கட்டி. அன்று கருவி என் கையில், கேமரா உன் கையில். கட்டி பக்கவாட்டில் ஒட்டிக்கிடந்தது; பிரிக்கவேண்டிய இடம் தெளிவாகத் தெரியவில்லை. திறந்துவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னாய். நான் கேட்கவில்லை. அதற்கு முந்தைய ஆபரேஷன்கள் எல்லாம் திறக்காமலே முடிந்திருந்தன. அந்த வரிசை அறுந்துவிடக் கூடாதென்ற ஆசை எனக்கு. லென்ஸில் புகை படிந்தது. துடைப்பதற்காகக் கேமராவை வெளியே எடுத்தாய். மறுபடி உள்ளே விடவில்லை.

"உள்ள விடுலே," என்றேன்.

"மாட்டேன். கட்டி முழுசா வெளிய வரணும், இந்தம்மாவுக்கு அம்புட்டுதான் வேணும். தழும்பு பெருசா சின்னதாங்கது நம்ம கவலைதாம்லே, அவுகளுக்கில்ல. தொறந்துருவோம்."

திறந்தோம். நான் வெட்டப் பார்த்த இடத்திலிருந்து அரை விரல் தள்ளிச் சிறுநீர்க்குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நீயும் பார்த்தாய். கட்டி முழுதாக வந்தது. அந்த அம்மாள் நல்லபடியாக வீடு போனார். நர்ஸுகள் முன்னால் என்னைத் தடுத்துவிட்டாய் என்ற கோபத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நீயே என் வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டாய். என் தப்பைச் சொல்வாய் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கேமராவை நான் தூரமாப் பிடிச்சுட்டேன். செத்த கிட்டப் போயிருந்தா ஒனக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும்," என்றாய்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அதோடு நம் சண்டை தீர்ந்தது.

இப்போது அதையே நான்கு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கேமரா கிட்டத்தான் இருந்திருக்கிறது. படம் துளிகூட ஆடவில்லை.

நேற்று ஒரு ஆபரேஷனில், கேமரா பிடித்திருந்த டாக்டர் பெண் தயங்கித் தயங்கி, "சார், எனக்கு இந்த எடம் சரியாத் தெரியல," என்றாள். எனக்குத் தெரிகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் உடனே கையை எடுத்துவிட்டேன்.

நீ சொன்னபோது ஒரு தடவையாவது அப்படி எடுத்திருக்கலாம்.