தலைவர் போட்ட கையெழுத்து

மதியழகன் அம்மாவுக்கு,

அங்கே செங்கல்பட்டில் மழை என்று மகள் சொன்னாள். இங்கே கோவளத்தில் காற்று அடங்கிவிட்டது. எல்லாப் படகும் போகிறது.

மீனவர் சங்கத் தேர்தலில் மூன்றாம் முறையும் என்னையே நிற்கச் சொல்கிறார்கள். கடலில் போனவர்களின் குடும்பத்தை அலையவிடாமல் காப்பீடு வாங்கித் தந்த தலைவர் என்று போஸ்டரே அடித்துவிட்டார்கள். உடல் கிடைக்காத வீடுகளுக்கு நானே போய், "இனிமே வரமாட்டாரும்மா, கையெழுத்து போட்டுடு" என்று சொல்லியிருக்கிறேன். எந்தக் குரலில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

நேற்று பூங்கொடி சங்கத்துக்கு வந்தாள். அவள் புருஷனும் நம் படகில்தானே போனான்.

"தலைவரே, ஒரே போட்டுல போனவங்களுக்கு ஒரே சான்றுதானாம். உங்க புள்ளைக்காக நீங்க கையெழுத்து போடாம வச்சிகினு இருந்தா, எங்க வூட்ல இன்னா பண்றது?"

அவள் சத்தம்கூடப் போடவில்லை.

போட்டுவிட்டேன். படகில் போன மூவரும் இல்லை என்று, தலைவராகப் போட்டுவிட்டேன். வெளியே வந்து டீ குடித்தேன். சர்க்கரை அதிகம்.

குமாஸ்தா பின்னாலேயே வந்தான். "அண்ணாத்த, நம்ம தம்பி பேப்பர்ல அப்பான்னு ஒரு எடம் கீது. அதுலயும் போட்டுடுங்க."

நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் பிள்ளையின் பைக்கைத் துடைத்து உள்ளே நிறுத்தியிருக்கிறேன். நீ அவசரப்பட்டு வர வேண்டாம்.

அங்கே போடாததை இங்கே போடுகிறேன்.

மதியழகன் அப்பா