கரட்டுக்குப் பின்னால் சிவப்பு

அக்டோபர் 12, 2004, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீஸில், நான் வீட்டில். நனைந்தே போனேன்.

வேலை: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றின் வயர்லெஸ்ஸையும் ஒன்றாகக் கோத்தால், வெள்ளம் வந்த அன்று யார் பேசுவது யாருக்குக் கேட்கும்? கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்கும் இடம் பச்சை, கேட்காத இடம் சிவப்பு. காலமெல்லாம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவனுக்கு நரைத்த பிறகு கலர் அடிக்கும் உத்தியோகம்.

டவுனில் ஒரே கோபுரம் என்று வைத்து ஓட்டினேன். வேடசந்தூர் பச்சை. மில் பஸ் போகும் ரோடெல்லாம் பச்சை. சித்தையன்கோட்டைக்கு முன்னால் ஒரு கரடு, மொட்டைப் பாறைக் குன்று. அதன் பின்னால் முழுக்கச் சிவப்பு. கரட்டு உச்சியில் சின்னதாக இன்னொரு கோபுரம் வைத்தேன். பச்சை.

முதலாளியிடம் காட்டினேன். கான்ட்ராக்ட் எடுத்தவர் அவர்; கோபுரச் செலவும் அவர் தலையில்.

"ரெண்டாவது கோபுரமா? ஏன்யா, அந்தக் கரட்டைக் கொஞ்சம் உயரம் கொறச்சுப் பாரேன்."

கம்ப்யூட்டரில்தான் சொல்கிறார். விட்டால் நிஜத்திலும் குறைப்பார். குவாரிக்காரர்களோடு சீட்டாடுகிறவர்.

மதியம் கத்திரிக்காய். நேற்றைய வெஞ்சனமும் அதுவே.

அக்டோபர் 14, வியாழன்

வெயில். கரட்டைக் குறைக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"சரி, நேர்லயே ஒத்திகை வச்சிருவோம். ஒன் பொட்டி சொல்றது சரியா, ஊர் சொல்றது சரியான்னு பாத்துருவோம்."

சர்க்கார் அதிகாரி முன்னால் ஒத்திகை. சித்தையன்கோட்டை பேசவில்லை என்றால் இரண்டாவது கோபுரம் தானாக வரும். எனக்கு ஒரே குஷி.

அந்த ஊர் வயர்லெஸ் போஸ்டில் மைக் பிடிக்கப் போவது என் மச்சினன் ஜோசப். தற்காலிக வேலை. ஒத்திகை நன்றாக முடிந்தால் நிரந்தரம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறாராம். தகவல்: என் மனைவி மேரி. அவளுக்கு எட்டாத சேதி பங்குச் சாமிக்கும் எட்டாது.

அக்டோபர் 16, சனி

ஒத்திகை. கேசரி, வடை, அதிகாரி.

டவுன் ஆபீஸ் வயர்லெஸ் செட்டில் அதிகாரியே கூப்பிட்டார். வேடசந்தூர் பதில் சொன்னது. அடுத்து சித்தையன்கோட்டை. இரைச்சலுக்காகக் காதைத் தீட்டி நின்றேன்.

"நல்லாக் கேக்குதுங்க சார்!"

ஜோசப்பேதான். பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அம்புட்டுத் தெளிவு. கைதட்டல்.

முதலாளி என் முதுகில் தட்டினார். "கரட்டு மேல கோபுரமாம்! ஒன் வீட்டு மேல கட்டு, காக்கா ஒக்காரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான்.

அக்டோபர் 17, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் மேரி: "ஒங்க ஆபீஸு பக்கத்து ரூம்புல முதலாளியோட டிரைவரு ஒரு செட்டு வச்சிருந்தாராம்ல. ஜோசப்பு செல்லுல பேசுனானாம், அவரு செல்லை மைக்குல ஒட்டிப் பிடிச்சாராம். எம்புட்டு மூளை பாருங்க!"

நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

மதியம் ஜோசப் வந்தான், கையில் நாட்டுக்கோழியோடு.

"அதிகாரிட்ட சொல்லிறாதீக மச்சான். வேலை நிரந்தரம்னு சொல்லித்தான் பொண்ணு பேசி முடிச்சிருக்கு."

"மாப்ள, நெசமா வெள்ளம் வந்தா?"

"அதான் செல்லு இருக்குல்ல?"

குழம்பு பிரமாதம். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். த்தூ.

அக்டோபர் 18, திங்கள்

ஒத்திகைக்குத் தகுந்தபடி படத்தைத் திருத்தச் சொன்னார் முதலாளி. திருத்தினேன். கரடு இப்போது மாட்டுக்கொட்டகை உயரம். மாவட்டமே பச்சைப் பசேல். எந்த விவசாயிக்கும் இப்படி விளைந்ததில்லை.

நவம்பர் 5, வெள்ளி

விடாத மழை. கரண்டு இல்லை. செல் டவரும் செத்தது.

ஆபீஸ் வயர்லெஸ் ஜெனரேட்டரில் ஓடியது. சித்தையன்கோட்டையைக் கூப்பிட்டோம். இரைச்சல். மறுபடி. இரைச்சல். முதலாளி செட்டின் மண்டையில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் ஒரு டிராக்டர். ஜோசப் இறங்கினான், இடுப்பு வரை சேறு.

"ஓடைக்கரை ஒடைஞ்சு போச்சு சார். தெருவுக்குள்ள தண்ணி. ஆளுக மாடியில நிக்கிறாக. வெரசா வண்டிய அனுப்புங்க!"

தீயணைப்பு வண்டி அதன் பிறகுதான் கிளம்பியது. போய்ச் சேர்வதற்குள் ஒரு வீட்டுச் சுவர் சரிந்து, உள்ளே படுத்திருந்த அந்த ஊர்ப் பூக்கார அம்மாள் போய்விட்டாள்.

நவம்பர் 6, சனி

தூறல். ஜோசப் எங்கள் வீட்டில். காப்பி ஆறிக் கிடக்கிறது.

"விடியக்காலயிலருந்து மைக்குல கத்துனேன் மச்சான். எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."

எனக்கும் கேட்டது, அந்தச் சிவப்புப் படத்தில், மூன்று வாரம் முன்பே. அவனிடம் சொல்லவில்லை.

ஆபீஸில் கரட்டைப் பழைய உயரத்துக்கு ஏற்றி ஓட்டினேன். சிவப்பு. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சேதி வந்துச்சா, இல்லையா?"

"டிராக்டர்ல வந்துச்சு."

"வந்துச்சுல்ல? அப்பப் பச்சைன்னு போடு."

நான் போடவில்லை. அவரே உட்கார்ந்து போட்டார். ஒரு விரலால்.

நவம்பர் 8, திங்கள்

வானம் வெளுத்துவிட்டது. ஜோசப்புக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது. அதே ஊர், அதே செட். மேரி கோழி வாங்கி வரச் சொல்கிறாள்.