நானே அனுப்பிய படம்

செவ்வாய், இரவு

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

இன்று சீரியலில் உங்கள் பாத்திரம் விபத்தில் செத்துவிட்டது. படத்துக்கு மாலை போட்டு விளக்கும் ஏற்றிவிட்டார்கள். போன வாரம் நீங்கள் சென்னையிலிருந்து கேட்டு, நானே தேடி அனுப்பிய படம் அது. கல்வராயன் மலை அருவியில் சிரித்துக்கொண்டு நிற்பீர்களே, அதேதான்.

பாப்பா டிவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டு அக்கா வந்து, "இன்னாம்மா, உன் வூட்டுக்காரர சாவடிச்சிட்டானுங்களே? இனிமே வேலைக்கு இன்னா பண்ணுவாரு?" என்றார்.

"வேற சீரியலுக்குப் பேசிக்கினு இருக்காருக்கா" என்று பொய் சொன்னேன்.

எத்தனை முறை கூப்பிட்டும் நீங்கள் எடுக்கவில்லை. எதற்கென்று தெரிந்துதான் என்னிடம் படம் கேட்டீர்களா? காலையில் பாப்பா எழுவதற்குள் போன் பண்ணுங்கள். அவள் கண் விழித்ததும் உங்கள் குரலைக் கேட்க வேண்டும்.