தார் றோட்டை மறந்த கணக்கு

ஜூலை 6, ஞாயிறு

மேற்கிலிருந்து கச்சான் காற்று. மேசையெல்லாம் மண். வெள்ளிக்கு முன் கொழும்புக் கம்பனிக்கு கம்ப்யூட்டர் விளையாட்டை அனுப்ப வேண்டும். பரீட்சார்த்த வேலை, பிடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் கட்டார். மச்சான், மனைவியின் மூத்த காக்கா, அங்கே சுப்பர்மார்க்கட்டில் இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

அறுகோணக் கட்டங்களில் போர்வீரன் ஆகச் சுருக்கமான வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். மிச்சத் தூரம் எவ்வளவு என்று கட்டத்துக்குக் கட்டம் ஓர் உத்தேசக் கணக்கு. குறைத்துச் சொல்லலாம். கூட்டிச் சொன்னால் பிழையான வழியில் போய்விடுவான். நானோ சதுரக் கட்டத்துக் கணக்கைப் போட்டிருக்கிறேன், மடையன். வரிசை வித்தியாசம் கூட்டல் நிரல் வித்தியாசம். அறுகோணத்தில் சாய்வாக ஓர் அடி வைத்தாலே இரண்டையும் கடந்துவிடலாம்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று அச்சு வைத்து, மூன்றில் பெரிய வித்தியாசத்தை எடுத்தேன். விரல் விட்டு எண்ணினேன். சரி. அல்ஹம்துலில்லாஹ். உடனே அனுப்பிவிட்டேன், கெட்டிக்காரன் என்று காட்ட.

பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு அப்பால்: "மருமகன் இன்னும் ஊட்டுக்குள்ளதானா?" மாமி முற்றத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தார். கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவன். நாலு வருஷமாக இவர்களுடைய மின்விசிறிக்குக் கீழே.

ஜூலை 9, புதன்

மாமாவுக்கு முழங்கால் வலி. உர மூட்டை தூக்க சவளக்கடை வயலுக்கு நானும். பஸ்ஸால் இறங்கி, வயலுக்குள்ளால் நேரே போவோம் என்றேன்.

"சேத்துக்குள்ள எதுக்கு மருமகன்? தார் றோட்டால சுத்திப் போனாலும் கெதியாப் போயிரலாம்."

"இன்னும் எவ்வளவு தூரம் மாமா?"

"இந்தா, கிட்டத்தான்."

அரை மணித்தியால நடை! இந்த மனுஷனுக்கு எல்லாமே கிட்டத்தான்.

பாதியில் நின்றுவிட்டேன். விளையாட்டில் றோட்டுக் கட்டத்துக்குப் பாதிச் செலவு. என் கணக்கில் எல்லாக் கட்டமும் ஒன்று. றோட்டு இருந்தால் கூட்டிச் சொல்லிவிடும். என் வீரன் றோட்டை விட்டுவிட்டுச் சேற்றுக்குள் நேரே போவான். பாதியால் பெருக்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு பெருக்கல். யா அல்லாஹ்.

ஜூலை 10, வியாழன்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு திருத்தியதை அனுப்பினேன். பத்து மணிக்குப் பதில். முதலில் அனுப்பியது றோட்டுச் சோதனையில் தோற்றுவிட்டதாம். வேறொருவரை எடுத்தாகிவிட்டதாம். நன்றியாம்.

ஒரே ஒரு நாள் பொறுத்து அனுப்பியிருக்கலாம். யார் அவசரப்படுத்தினார்கள்? அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

கதவுக்கு வெளியே என் மனைவி ஸியானா: "ரெண்டாவதா அனுப்பினதப் பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப, கட்டார் வேலைக்குக் காக்காட்ட கதைக்கட்டா?"

"ஓம்."

ஜூலை 12, சனி

பாஸ்போட். போட்டோ நாலு. பொலிஸ் றிப்போட். மெடிக்கல். நிந்தவூர் போய் உம்மாவிடம் சொல்ல வேண்டும், எப்படி என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டரைத் துணியால் மூடியாயிற்று. மகள் மடியில் ஏறினாள். மூன்று வயது, நான் போவதை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"வாப்பா, கட்டார் தூரமா?"

"இல்ல மகள். கிட்டத்தான்."