சரோஜா அக்காவின் சப்பாத்து

டிசம்பர் 20, சனிக்கிழமை. பிராக்.

சரோஜா அக்கா தூங்கிவிட்டார். அவருடைய காலுறைகளை ஹீட்டர் மேல் காயப் போட்டிருக்கிறேன். இன்னும் ஈரம் போகவில்லை.

மதியம் பழைய நகரத்தில் ஒரு தேவாலயத்துக்குப் போனோம். வாசலெல்லாம் பனி. அக்கா, பினாங்கில் கோயிலுக்குப் போகிற பழக்கத்தில், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறும் காலுறையோடு உள்ளே நுழைந்தார். இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போனது. அவர் யாரோ எவரோ என்பதுபோல வேகமாக முன்னால் நடந்து, பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். அக்கா, ஊரில் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இருபது வருடம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். இந்தப் பயணத்துக்குத் தனியாகக் கிளம்ப நான் பயந்தபோது, குளிரே ஆகாத உடம்போடு துணைக்கு வந்தவர்.

வெளிப்படியில் கால் வழுக்கி விழுந்தேன். என் சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். பனியில் அந்தக் காலுறையோடு நின்றுதான் என்னைத் தூக்கினார்.

"அடிபட்டிருச்சா? மெதுவா எந்திரி லா."

"அக்கா, உங்க சப்பாத்து?"

"அது கெடக்கட்டும். கூட்டத்துல உன்னத் தொலைச்சிட்டேன்னு பயந்தே போயிட்டேன்."

கூட்டமா? உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. அது அவருக்கும் தெரியும். இரவு சாப்பிடும்போதும் ஏன் விட்டுப் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கிண்ணத்தில் சூடான சூப்பை ஊற்றிவிட்டு, முழங்கால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். இப்படி ஒருவர் எனக்குத் துணையாக வாய்த்ததற்கு நான் என்ன செய்துவிட்டேன்?

நாளைக்கு இன்னொரு தேவாலயம். அக்கா கழற்றினால் நானும் கழற்றிவிடுவேன்.