பிரிக்காத ரிப்போர்ட்

அக்கா,

நீங்கள் போய் மூன்று மாதம் கழித்து, நேற்று உங்கள் பாலிகஞ்ச் ஃபிளாட்டைக் காலி செய்த மகன் ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தான். என் ஸ்கேன் சென்டரின் கவர். மேலே உங்கள் பெயர், என் கையெழுத்தில். ஸ்டேப்ளர் பின் அடித்தபடியே இருந்தது.

“இதை ஒரு தடவை பிரிச்சுப் படிச்சிருந்தா அம்மா இருந்திருப்பா, மாஷி. எல்லாத்துலயும் அலட்சியம்!” என்றான். சித்தியான என்னை வங்காளத்து வழக்கப்படி மாஷி என்றுதான் கூப்பிடுவான். உங்கள் மேல் அவனுக்கு அவ்வளவு கோபம். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

போன வருஷம் துர்கா பூஜைக்குத் துணி வாங்கிய பைகளோடு நேராகப் பவானிபூரில் என் சென்டருக்கு வந்தீர்கள். டாக்டர் சீட்டு இல்லை. என்னிடம் வர உங்களுக்கு எதற்குச் சீட்டு? காதுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் வீக்கம். ஜெல் தடவியதும், “ஐஸ் மாதிரி இருக்குடி” என்று சிரித்தீர்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு கட்டி. மேல்பகுதி திரையில் தெரிந்தது. அடிப்பகுதி தாடை எலும்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. அல்ட்ராசவுண்டால் எலும்பைத் தாண்டிப் பார்க்க முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

உங்களிடம் சொல்லவில்லை. லிஃப்டுக்குப் பயந்து நாலு மாடி ஏறுகிறவர் நீங்கள். “அந்த எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ள மட்டும் என்னைத் தள்ளிடாதேடி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பூஜை முடியட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

“ஒண்ணுமில்லக்கா, சாதாரணக் கட்டிதான்.”

“ரிப்போர்ட்டைப் படிக்கணுமா?”

“நான்தான் சொல்றேனே, அப்புறம் எதுக்கு?”

பூஜை போனது, குளிர்காலமும் போனது. வேலையில் மறந்துவிட்டேன். மார்ச்சில் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. கட்டி முகத்து நரம்பைப் பிடித்துவிட்டது என்று எனக்கு அங்கேயே விளங்கியது. பிறகு எம்.ஆர்.ஐ.க்குள் கண்ணை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் படுத்திருந்தீர்கள். வெளியே நின்று பயந்தது நான்தான்.

“முன்னாடியே ஏன் எடுக்கலை?” என்று சர்ஜன் கேட்டார். “அப்பவே ரிப்போர்ட்ல எழுதியிருக்கேனே” என்றேன். எழுதியது உண்மைதான். பக்கத்தில் உங்கள் மகன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

இன்று காலை அவனுக்குப் போன் செய்து, அன்று உங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“படிக்கணுமான்னு அம்மா கேட்டாளா?”

“கேட்டாப்பா.”

வைத்துவிட்டான்.

அவன் கோபம் இனி என் மேல்தான், அக்கா. இத்தனை நாள் அதை நீங்கள் சுமக்கும்படி விட்டிருந்தேன். இனி என்னிடமே இருக்கட்டும்.